பெருவிரலா, மணிக்கட்டா: பெடியளின் போட்டிக்கு ஒரு விதி



கொஞ்சம் நீளமான பதிவு. வேலை முடித்து, சாப்பிட்டு, ஆறுதலாக வாசியுங்கள். பப்ஜி போட்டியைப் பற்றியது என்றவுடன் "சேருக்கு வேற வேலை இல்லையோ" என்று கடந்து போக வேண்டாம். போன கிழமை எங்கள் வட்ஸ்அப் குழுமத்தில் இரண்டு நாளாக நடந்த சண்டையைப் பெரியவர்கள் பலர் பார்த்தீர்கள். ஜைரோ, ஜைரோ என்று அடிபட்டார்களே, அது ஆர், எந்த ஊர்ப் பெடியன் என்று ஓர் அம்மா எங்களிடம் கேட்டா. சிரிப்புக்கு இல்லை, உண்மையாகவே கேட்டா. அதனால்தான் முதலிலிருந்து எழுதுகிறோம்.

தவணை விடுமுறைக்கு எங்கள் பக்கத்து இளைஞர்கள் பப்ஜி மொபைல் போட்டி ஒன்று வைக்கப் போகிறார்கள். அணிக்கு நான்கு பேர். அவர்கள் போட்ட விதிகளில் ஒன்று: ஜைரோ பாவிக்க முடியாது, பாவித்தால் அணி வெளியே. இந்த ஒரு வரிக்குத்தான் அவ்வளவு சண்டை.

சுடும் விளையாட்டுகளில் குறி பார்க்க இப்போது இரண்டு வழி இருக்கிறது. ஒன்று பெருவிரல். பிளேஸ்டேஷன் மாதிரிப் பெட்டிகளில் கையில் பிடிக்கும் கொன்ட்ரோலரில் இரண்டு சின்னத் தடிகள் நீட்டிக்கொண்டிருக்கும்; இடது தடியால் நடப்பது, வலது தடியால் பார்ப்பது. அனலொக் ஸ்டிக் என்பார்கள். 1996இல் நின்டெண்டோ 64 அப்படி ஒரு தடியோடு வந்தது, 1997இல் சோனி இரண்டு தடி வைத்தது, அன்றிலிருந்து உலகமே அதற்குப் பழகிவிட்டது. போனில் தடி இல்லை. திரையில் இடது மூலையில் ஒரு வட்டம் தடி போலவே வேலை செய்யும். வலது பெருவிரலால் திரையைத் தடவினால் பார்வை திரும்பும்.

மற்றது அசைவு. போனையே சாய்த்தால், திருப்பினால், விளையாட்டுக்குள் துவக்கும் அந்தப் பக்கம் திரும்பும். அதைச் செய்வது போனுக்குள் இருக்கும் ஜைரோஸ்கோப் என்ற உணரி. பெடியள் சுருக்கி ஜைரோ என்கிறார்கள். ஆக அம்மா, அது ஊர்ப் பெடியன் இல்லை.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வகுப்பில் விளங்கப்படுத்தக் கஷ்டப்பட்டு, கடைசியில் இரணைமடுத் தண்ணியை வைத்துத்தான் சொன்னோம். ஸ்டிக் என்பது வாய்க்கால் துருசு மாதிரி. துருசை எவ்வளவு திறக்கிறீர்களோ அவ்வளவு வேகமாகத் தண்ணி வரும். எவ்வளவு தண்ணி வயலுக்குள் வந்தது என்பது நீங்கள் எப்போது மூடுகிறீர்கள் என்பதில் இருக்கிறது. கொஞ்சம் பிந்தினால் வரம்பு மேவிப் போகும், முந்தினால் கடைசிப் பாத்தி காயும். ஸ்டிக்கும் அப்படித்தான்: சாய்த்த அளவு, திரும்பும் வேகத்தைத்தான் முடிவு செய்கிறது. எதிரியின் மேல் குறி வந்து நிற்க வேண்டுமென்றால் சரியான நொடியில் தடியை விட வேண்டும். ஜைரோ, வாளியால் ஊற்றுவது மாதிரி. எவ்வளவு ஊற்றினீர்களோ அவ்வளவுதான். கை ஐந்து பாகை திரும்பினால் பார்வையும் அதே கணக்கில் திரும்பும், கை நின்றால் அதுவும் நிற்கும். ஜைரோவின் துல்லியம் இங்கிருந்துதான் வருகிறது. போனில் விரலால் தடவுவதும் வாளிக் கணக்குத்தான், ஆனால் பெருவிரலுக்குத் திரையில் இருக்கும் இடம் இரண்டு அங்குலம். அது முடிந்தால் விரலைத் தூக்கித் திரும்ப வைக்க வேண்டும்.

கணினி மவுஸ் அளவுக்கு ஸ்டிக்கால் துல்லியமாகக் குறி பார்ப்பது கஷ்டம் என்பதால்தான் கம்பனிகள் 'எய்ம் அசிஸ்ட்' என்று ஒன்றை வைத்தன. எதிரிக்குக் கிட்டக் குறி போனால் இயந்திரமே வேகத்தைக் குறைத்து, கொஞ்சம் இழுத்தும் விடும். பெருவிரலால் விளையாடுவதுதான் "சொந்தத் திறமை", ஜைரோ "கள்ளம்" என்று குழுமத்தில் எழுதிய தம்பிமார் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அந்த உதவி பப்ஜியிலும் இருக்கிறது, உங்கள் போனில் இப்போதும் போட்டபடிதான் இருக்கும். வெளிநாடுகளில் சண்டை நேர்மாறானது: ஸ்டிக் பிடிப்பவனுக்கு இயந்திரம் அளவுக்கு மிஞ்சி உதவுகிறது என்று மவுஸ் பிடிப்பவர்கள் வருடக்கணக்காகக் கத்துகிறார்கள்.

அசைவால் குறி பார்ப்பது புதிதும் இல்லை. 2006இல் நின்டெண்டோ வீ வந்தபோது கையை வீசி விளையாடுவதைச் சின்னப்பிள்ளைகளின் வேடிக்கை என்றுதான் பார்த்தார்கள். 2015இல் அதே நின்டெண்டோ ஸ்பிளட்டூன் என்று ஒரு விளையாட்டை வெளியிட்டது. அதில் குண்டு கிடையாது, மை அடிப்பதுதான். அங்கே குறி பார்ப்பது தொடக்கத்திலிருந்தே ஜைரோவில்தான் இருக்கும். ஸ்டிக் பெரிய திருப்பங்களுக்கு, மணிக்கட்டு நுட்பமான குறிக்கு. அந்த விளையாட்டின் பெரிய போட்டிகளில் ஜைரோவை நிறுத்திவிட்டு ஆடுபவரைக் காண்பது அருமை. மற்றப் பெட்டிகளில் இது பரவாததற்கு ஒரு சாதாரண காரணம் உண்டு. சோனியின் கொன்ட்ரோலரில் ஜைரோ இருக்கிறது, எக்ஸ்பொக்ஸ் கொன்ட்ரோலரில் வைக்கவே இல்லை. இரண்டுக்கும் சேர்த்து விளையாட்டுச் செய்கிறவர்கள், ஒன்றில் இல்லாததற்கு ஏன் மினக்கெடுவான் என்று விட்டுவிட்டார்கள்.

போனில் கதை வேறு. 2010இல் வந்த ஐபோன் 4உடன் ஜைரோ கைப்போனுக்குள் வந்தது. 2018 மார்ச்சில் பப்ஜி மொபைல் உலகமெங்கும் வந்தபோது ஆசியப் பெடியள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். துவக்கு தொடர்ந்து சுடும்போது குறி மேலே மேலே ஏறும்; அதைக் கீழே இழுத்துப் பிடிக்க வேண்டும். பெருவிரலால் இழுத்தால் அந்த விரலுக்கு வேறு வேலை செய்ய முடியாது. ஜைரோ போட்டவன், நிலத்தைப் படம் எடுப்பது மாதிரிப் போனின் மேல் விளிம்பை மெல்ல முன்னுக்குச் சாய்க்கிறான், அவ்வளவுதான். அமைப்பில் மூன்று தெரிவு இருக்கிறது: வேண்டாம், ஸ்கோப் போடும்போது மட்டும், எப்போதும். எங்கள் பெடியளில் கெட்டிக்காரர் பெரும்பாலும் மூன்றாவதில் நிற்கிறார்கள். பழக இரண்டு கிழமையாவது போகும், முதல் மூன்று நாள் தலை சுற்றும். பஸ்ஸில் விளையாட வேண்டாம் என்று நாங்கள் சொல்வதற்கு இங்கே ஒரு விஞ்ஞானக் காரணமும் கிடைத்திருக்கிறது: பஸ் திரும்பினால் ஜைரோவுக்குத் தெரியும், உங்கள் துவக்கும் பரந்தன் சந்தியில் சேர்ந்து திரும்பும்!

இந்த உணரி வேலை செய்யும் விதம் பத்தாம், பதினொராம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் பிடித்தது. கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னச் சிலிக்கன் துண்டு ஒன்று உள்ளே ஓயாமல் அதிர்ந்துகொண்டிருக்கும். போன் சுழலும்போது அந்த அதிர்வு பக்கவாட்டில் விலகும். விலக வைப்பது கொரியோலிஸ் விளைவு. வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் உருவாகி, சூறாவளியாகச் சுழல்வதும் அதே விளைவால்தான். 2008 நவம்பரில் நிஷா சூறாவளி அடித்தபோது தரப்பாள் கொட்டிலுக்குள் இடுப்பளவு தண்ணியில் நின்றவர்கள் இதை வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் பிள்ளையின் உள்ளங்கையில் அதே விதிதான் ஒரு துவக்கைத் திருப்புகிறது.

இனி விதிக்கு வருவோம். ஜைரோவைத் தடை செய்யச் சொன்ன பெடியளின் நியாயம் சாதாரணமானது இல்லை. எல்லாப் போனிலும் ஜைரோ கிடையாது. விலை குறைந்த போன்களில் அதை வைக்க மாட்டார்கள். திரையைத் திருப்பப் போதுமான அக்சலரோமீற்றர் மட்டும் இருக்கும். சிலவற்றில் மென்பொருளால் செய்த போலி ஜைரோ இருக்கும், அது கை அசைந்து கொஞ்சம் பிந்தித்தான் அசையும். போட்டியில் அந்தப் பிந்தல் போதும், ஆள் முடிஞ்சுது.

எங்கள் ஊரில் ஏன் அவ்வளவு பிள்ளைகளின் கையில் அப்படிப்பட்ட போன் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்கள் மூடின. வட்ஸ்அப்பில் பாடம் அனுப்புகிறோம், சூமில் வகுப்பு என்று நாங்கள் ஆசிரியர்கள்தான் சொன்னோம். தோட்டைக் கழற்றி அடகு வைத்து, சீட்டு எடுத்து, நெல்லு வித்து வாங்கிக் கொடுத்த போன் அது. பாடம் திறந்தால் காணும் என்று வாங்கினீர்கள், ஜைரோ இருக்கிறதா என்று எந்தத் தாய் கேட்டிருப்பா? பிறகு 2022 வந்தது. டொலர் இருநூறு ரூபாயிலிருந்து முந்நூற்றறுபதுக்குப் போனது, புதுப் போன் விலை கேட்கவே பயமாக இருந்தது. அண்ணன் பாவித்த போன் தம்பிக்கு, தம்பி பாவித்தது தங்கைக்கு என்று இன்றும் ஓடுகிறது. கனடாவிலும் சுவிஸிலும் மாமா இருக்கிற வீட்டில் ஜைரோ இருக்கிறது. இல்லாத வீட்டில் இல்லை. போட்டியில் ஆர் வெல்வது என்பதைக் கனடா மாமா முடிவு செய்யக்கூடாது என்று ஒரு தம்பி குழுமத்தில் எழுதினான். நாங்கள் அதற்கு லைக் போட்டோம், எடுக்கவும் மாட்டோம்.

ஆனால் அந்த விதி அப்படியே நின்றால் ஒருவர் விளையாட முடியாது. அவரைக் கேட்டுத்தான் எழுதுகிறோம். பெயர் வேண்டாம் என்றார், எழுதலாம் என்றார்.

2009இல் அவருக்கு ஐந்து வயது. வலது கையில் பெருவிரலும் சுட்டுவிரலும் இல்லை. எப்படிப் போனது என்று இந்தப் பதிவை வாசிக்கும் ஒருவருக்கும் சொல்லத் தேவையில்லை. இடது கையால் எழுதிச் சாதாரண தரம் எழுதியவர், இப்போது ஒரு கொமினிகேஷனில் வேலை செய்கிறார். போட்டோக்கொப்பி அடிப்பது, ரீலோட் போடுவது, சனத்துக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பது எல்லாம் அவர்தான். வலது பெருவிரல் இல்லாமல் பப்ஜி விளையாட முடியாது என்றுதான் எல்லோரும் நினைப்போம். அவர் விளையாடுகிறார். இடது பெருவிரல் நடக்க. இடது சுட்டுவிரல் திரையின் மேல் மூலைக்கு வளைந்து வந்து சுட. அங்கே ஒரு பொத்தானை நகர்த்தி வைத்திருக்கிறார், ஸ்கோப் பொத்தானும் அதற்குப் பக்கத்தில். வலது கை போனைத் தாங்க மட்டும். குறி முழுவதும் ஜைரோ. பின்னால் ஒருவன் வந்தால் முழுதாகத் திரும்ப வேண்டுமே என்று கேட்டோம். சிரித்தார். கடையில் இருக்கிற சுழல் கதிரையைக் காலால் ஒரு தள்ளு. ஆளும் போனும் துவக்கும் ஒன்றாகத் திரும்பி வந்து நிற்கிறது!

நாங்கள் கடையில் நின்று பார்த்தோம். பத்து நிமிடத்தில் ஆறு பேரை விழுத்தினார். அதற்கிடையில் ஒரு ஐயா வந்து சமுர்த்திப் படிவம் கேட்க, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அதை நிரப்பிக் கொடுத்தார். திரும்ப எடுத்தபோது செத்துப் போயிருந்தார். "பரவாயில்லை சேர், இது நெடுகச் சாகிறதுதான்" என்றார்.

விதி போட்ட தம்பிமாருக்கு அவரைத் தெரியும். அவருக்காக மட்டும் விதிவிலக்குக் கொடுக்கலாம் என்றார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். அவர் வேண்டாம் என்றுவிட்டார். "எனக்கு மட்டும் எண்டா நான் வரேல்லை. வெண்டாலும் சலுகையில வெண்டவன் எண்டு சொல்லுவாங்கள்." இது ஆணவம் இல்லை. பதினைந்து வருடமாக எல்லா வரிசையிலும் "நீ முன்னுக்கு வா தம்பி" என்று சொல்லிக் கேட்டவரின் களைப்பு.

இந்த இடத்தில் எங்களுக்கு முரளி ஞாபகம் வருகிறார். முத்தையா முரளிதரனின் முழங்கை பிறப்பிலேயே முழுதாக நிமிராதது. 1995 டிசம்பரில் மெல்பேர்னில் நடுவர் டரல் ஹெயர் அவர் போட்ட பந்துகளை நோ-போல் என்றார். பிறகு கமராவும் கணினியும் வைத்து எல்லாப் பந்து வீச்சாளர்களையும் அளந்து பார்த்தபோது, சுத்தமான கை என்று பேரெடுத்த பலருடைய முழங்கையும் பந்து போடும்போது கொஞ்சம் மடங்கி நிமிர்வது தெரிய வந்தது. 2005இலிருந்து பதினைந்து பாகை வரை எல்லோருக்கும் அனுமதி என்று ஐ.சி.சி. விதியை மாற்றியது. முரளிக்கு மட்டும் என்று ஒரு கடிதம் கொடுக்கவில்லை. 2010இல் காலியில் அவர் எண்ணூறாவது விக்கெட்டை எடுத்தபோது அது சலுகை விக்கெட் என்று சொல்ல எவருக்கும் வழி இருக்கவில்லை. (இருந்தும் சிலர் சொன்னார்கள். அது வேறு வருத்தம்.)

ஆகவே எங்கள் நிலைப்பாடு: ஜைரோவை எல்லோருக்கும் திறந்து விடுங்கள். போன் பிரச்சினையைப் போனால் தீர்ப்போம். எல்லா அணியும் ஒரே நேரத்தில் ஆடப் போவதில்லை. சுற்றுச் சுற்றாக நடத்தினால், ஜைரோ உள்ள பதினாறு போன் இருந்தால் ஒரு நேரத்தில் நான்கு அணி விளையாடலாம். வைத்திருப்பவர்கள் அந்த ஒரு நாளுக்குப் பொதுவில் தரட்டும். போட்டிக்குப் பத்து நாள் முன்பிருந்தே பின்னேரங்களில் அந்தப் போன்கள் வாசிகசாலையில் இருக்கட்டும், ஜைரோ இல்லாத பிள்ளைகள் வந்து பழகட்டும். பழகிப் பார்த்துவிட்டுப் பெருவிரல்தான் வசதி என்கிறவன் பெருவிரலாலேயே விளையாடலாம். உலகத்தில் நல்ல ஆட்டக்காரர் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். அந்தரங்கப் படம், செய்தி எல்லாம் இருக்கிற போனை எப்படி அந்நியன் கையில் கொடுப்பது என்று ஒரு தங்கச்சி கேட்டா. நியாயமான கேள்வி. இப்போதைய பல போன்களில் விருந்தாளிக் கணக்கு என்று ஒன்று திறக்கலாம், உங்கள் படங்கள் அதற்குள் வராது. எங்கள் பழைய மாணவர்கள் இரண்டு பேர் செய்து தருவார்கள்.

இன்னொரு குரலும் இருக்கிறது. குழுமத்தில் அது எழுதப்படவில்லை, வேலிக்கரையில் கேட்டோம். "துவக்குச் சத்தம் கேட்டது காணாதோ, அதை வைச்சு விளையாட்டும் வேணுமோ?" சொன்ன அக்காவின் வீட்டுச் சுவரில் இரண்டு படங்களுக்கு மாலை தொங்குகிறது. எங்கள் குடும்பம் 1990 ஒக்டோபரில் வடக்கை விட்டு வெளியேற்றப்பட்டது, நாங்கள் வளர்ந்தது புத்தளத்தில். அட்டாளைச்சேனையில் கல்வியியற் கல்லூரி முடித்து, பிறகுதான் இந்த மண்ணுக்குப் படிப்பிக்க வந்தோம். 2008, 2009இல் இங்கிருந்து விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று நடந்தவர்களின் காதுக்கு அந்தச் சத்தம் என்ன செய்யும் என்று நாங்கள் அளந்து சொல்ல முடியாது. பிள்ளைகள் ஏகேஎம், எம்416 என்று கத்தரிக்காய் வெண்டிக்காய் மாதிரிப் பேர் சொல்லும்போது எங்களுக்கே ஒரு மாதிரித்தான் இருக்கிறது.

ஹாங்சோ ஆசிய விளையாட்டில், 2023இல், பதக்கத்துக்கு நடந்த மின்விளையாட்டுகளில் பப்ஜியும் ஒன்று. ஆனால் அங்கே ஆளை ஆள் சுடவில்லை. ஓட்டமும் வாகனமும், வழியில் வைத்த இலக்குகளைச் சுடுவதுமாக மாற்றிய தனிப்பதிப்பு. சீனாவில் 2019இல் வந்த பதிப்பில் சுடப்பட்டவர் விழுந்து சாவதில்லை. பெட்டியைக் கொடுத்துவிட்டுக் கையசைத்து விடைபெறுவார். எங்களால் அப்படிப் பதிப்பு மாற்ற முடியாது. ஆனால் வாசிகசாலையில் பெரிய ஸ்பீக்கரில் சத்தத்தைப் போட்டு ஊருக்குக் கேட்கச் செய்ய வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. எல்லோரும் ஹெட்செட் போட்டு விளையாடலாம், திரையில் படம் மட்டும் ஓடட்டும். இதை விதியாகவே எழுதச் சொல்லிக் கேட்டிருக்கிறோம், பெடியள் தலையாட்டியிருக்கிறார்கள். அந்த அக்காவுக்கும் சொன்னோம். "சத்தம் கேக்காட்டி சரி" என்றா. சம்மதித்துச் சொன்னாவா, எங்களை அனுப்பச் சொன்னாவா என்று தெரியவில்லை. அன்றைக்குத் தன் மகனை விடுவாவா என்பதை அவவே முடிவு செய்யட்டும், ஒருவரும் போய் வற்புறுத்த வேண்டாம்.

வரும் ஞாயிறு பின்னேரம் நான்கு மணிக்கு வாசிகசாலையில் விதிகளை முடிவு செய்யக் கூடுகிறோம். தாய் தகப்பனும் வரலாம். உங்கள் போனில் ஜைரோ இருக்கிறதா என்று தெரியாவிட்டால் கொண்டு வாருங்கள், பார்த்துச் சொல்வோம். சம்சுங் என்றால் வீட்டிலேயே பார்க்கலாம்: அழைப்பில் நட்சத்திரம், ஹேஷ், பூச்சியம், நட்சத்திரம், ஹேஷ் என்று அடித்தால் பெரும்பாலானவற்றில் சோதனைப் பக்கம் திறக்கும், அதில் சென்சர் என்பதை அமத்துங்கள். ஜைரோ என்ற வரியும் போனைத் திருப்ப மாறும் இலக்கங்களும் தெரிந்தால் இருக்கிறது. பதினாறு போனுக்கு இதுவரை ஒன்பது சேர்ந்திருக்கிறது. கொமினிகேஷன் தம்பி தன்னுடையதை முதல் ஆளாக எழுதிக் கொடுத்துவிட்டார். சுழல் கதிரையைத் தர முதலாளி இன்னும் சம்மதிக்கவில்லை, பேசிப் பார்க்கிறோம்.